சயாமுக்குப் போனவர் வீடு

கோல சிலாங்கூரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்வோர் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சுங்கை புசார் முதலிய நெல்வயற் பகுதிகளைக் கடந்து சபாக் பெர்ணம் வட்டாரத்தை அடைவர். அவ்வட்டாரத்துச் சிற்றூர்களுள் ஒன்று சுங்கை ஆயர் தாவார். உப்புக் கலவாத நீரோடும் ஆறு என்பது அப்பெயரின் பொருள். தென்னையும் ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்த இந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில், நம் முதியோர் வாயில் நெடுங்காலம் வழங்கிய சொற்றொடர் ஒன்றுண்டு. வீட்டில் இல்லாத தாத்தாவைப் பற்றிப் பேரப்பிள்ளை கேட்டால், “அவரு சயாமுக்குப் போனவருப்பா” என்பாள் பாட்டி. பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

செத்தார் என்று அவள் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. போனவர், அவ்வளவே. இலக்கணத்தார் இதனை இறந்தகால வினையாலணையும் பெயர் என்பர். அவ்வீட்டிலோ அக்காலம் இறக்கவேயில்லை.

இச்சொற்றொடரின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தோட்டத்துப் பாட்டியின் பேச்சுக்கும் மேனாட்டுத் தத்துவ ஆசிரியர்க்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். உறவு உண்டு. இருத்தலியம் என்று இன்று வழங்கும் தத்துவம் ஐரோப்பாவில் பொதுமக்கள் பேச்சாக ஆனதும், நம் தோட்டங்களில் இப்பேச்சு பிறந்ததும் ஒரே யுத்தத்தின் முடிவில். அங்கே அது சொற்பொழிவாயிற்று, நூலாயிற்று, பின்னர் மருத்துவமும் ஆயிற்று. இங்கே அது லயத்து அடுப்பங்கரையில் கிடந்தது. வேறுபாடு இத்துணையே.

இருத்தலியம் யாது? மனிதன் இன்னதற்கென்று முன்னரே செய்து வைக்கப்பட்ட பொருளல்லன். கத்தியை அறுப்பதற்கென்றே கொல்லன் அடிக்கிறான். மனிதனோ முதலில் இருக்கிறான், பின்னரே தன் செயலால் இன்னான் ஆகிறான். ஆகவே மரணம், தனிமை, பொருளின்மை, தேர்ந்தே தீரவேண்டிய சுமை ஆகிய இவற்றினின்றும் எவரும் தப்ப முடியாது என்பர் அக்கொள்கையினர். 19ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் கீர்க்ககார்ட் இதற்கு வித்திட்டார். அவர் கிறிஸ்தவ பக்தர். பின்வந்த சார்த்தர் கடவுளை மறுத்தவர். இருவரும் ஒத்துக்கொண்ட செய்தி, ஒருவன் தேர்வை மற்றொருவன் செய்ய முடியாது என்பது.

நம்மவரிடையே இதற்கு நேரெதிரான சொல் ஒன்று வேரூன்றிக் கிடக்கிறது. அது தலையெழுத்து. கப்பலேறியது தலையெழுத்து, காய்ச்சலில் பிள்ளை மாண்டது தலையெழுத்து, கங்காணி கடன் தீராதது தலையெழுத்து. அச்சொல் துயருற்றோர்க்கு ஆறுதல் தருவது உண்மை. அவ்வாறே, எழுதியவன் யாரென்று கேட்கவிடாமல் வாயைப் பூட்டுவதும் உண்மை.

1945 அக்டோபர் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் ழான் பால் சார்த்தர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இருத்தலியமும் மனிதநேயமே என்பது அதன் கருத்து. அதில் தம்மிடம் அறிவுரை கேட்டு வந்த மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். அவனுடைய தமையன் 1940இல் ஜெர்மானியர் படையெடுப்பில் மாண்டான். தந்தையோ பகைவரோடு இணங்கும் போக்கினர். தாய்க்கு எஞ்சிய ஆறுதல் இவன் ஒருவனே. இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று விடுதலைப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? எந்த வேதமும் எந்த நீதிநூலும் இதற்கு விடை எழுதி வைக்கவில்லை என்றார் சார்த்தர். நீ சுதந்தரன், நீயே தேர்ந்துகொள் என்பதே அவர் அளித்த மறுமொழி.

அச்சொற்பொழிவு நிகழ்ந்த அதே மாதங்களில், சயாமிலிருந்து எஞ்சியோர் மலாயாவுக்குத் திரும்பத் தொடங்கியிருந்தனர். அவர்களை நோக்கி, நீவிர் சுதந்தரராய்த் தேர்ந்தீரா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர்? நடந்ததைப் பார்ப்போம்.

யுத்தத்துக்கு முந்திய நிலையை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலி உயர்வு அவர்தம் கோரிக்கைகளுள் முதன்மையானது. ஆயினும் நாம் மறக்கலாகாத கோரிக்கை வேறொன்று. துரை எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டுத் தொழிலாளி இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றனர். கூலிக்கணக்கில் அதற்கு ஒரு சதம்கூடப் பெறுமதியில்லை. ஆனால் இறங்குவதா, ஏறிய வண்ணமே போவதா என்று பாதையில் ஒரு கணம் எண்ணிய தொழிலாளி, பாரிஸ் மாணவனைப் போலவே தேர்வின் முன் நின்றான். அவ்வாண்டு மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். தலையெழுத்து என்று இருந்தவர்களாயின் இது நடந்திராது.

அடுத்த ஆண்டே வெள்ளைத்துரை ஓடிப்போனார். 1942 ஜனவரி முதல் வாரத்தில் ஜப்பானியர் பெர்ணம் ஆற்றுமுகப் பகுதிக்கும் கோல சிலாங்கூருக்கும் கடல்வழியாகவும் வந்தனர். அம்மாதம் 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ரப்பரை வாங்குவார் இல்லை. பால் வெட்டு நின்றது. அரிசி வரத்தும் நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று, சாக்கே உடையாயிற்று. வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளித் தாள் மூட்டை மூட்டையாய் இருந்தும் பண்டம் கிடைக்கவில்லை. இந்நிலையில்தான் சயாம் என்னும் பெயர் தோட்டத்துக்குள் நுழைந்தது.

சயாமின் பான்போங்கு அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட்டு வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை. 1942இன் நடுவில் தொடங்கிய வேலையை விரைந்து முடிக்க 1943இன் தொடக்கத்தில் கட்டளை பிறந்தது. போர்க்கைதிகளாகிய ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலியோர் ஏறக்குறைய 60,000 பேர் போதவில்லை. அவ்வாண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள்திரட்டினர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்பது வாக்கு. தானே வந்தோர் குறைந்தபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதித்தனர். இலவசப் படக்காட்சி என்று மக்களைக் கூட்டிவிட்டு அப்படியே இரயிலுக்குக் கொண்டுபோன கதைகளும் மீண்டோர் வாய்மொழியிற் பதிவாகியுள்ளன. அடைத்த இரும்புச் சரக்குப் பெட்டிகளில் பல நாள் பயணம். பான்போங்கிலிருந்து காட்டுக்குள் நடை. சில குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடும் சென்றன.

அங்கே நேர்ந்ததை விரித்துரைக்க நம் கை எழவில்லை. மழைக்காலம், ஒழுகும் குடிசை, வாந்திபேதி, மலேரியா, எலும்பு தெரியும் புண். போர்க்கைதிகளுக்குத் தம் படையைச் சேர்ந்த மருத்துவர்களும், கட்டுப்பாடும், பெயர்ப்பட்டியலும் இருந்தன. தோட்டத்திலிருந்து வந்தவர்க்கு இம்மூன்றும் இல்லை. 1943 ஜூன் மாதத்தில்தான் கைதிகளுள் மருத்துவர் சிலரைச் சேர்த்து ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினர். அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் இருபுறப் பாதைகளும் கொங்கோய்த்தாவில் இணைந்தன.

யுத்தம் முடிந்தபின் கிடைத்த ஒரு கணக்கை வாசகர் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் 78,204. மாண்டோர் 29,634. ஓடிப்போனோர் 24,626. திருப்பியனுப்பப்பட்டோர் 6,456. எஞ்சியிருந்தோர் 17,488. கூட்டிப் பார்த்தால் ஒருவர்கூடக் குறையாமல் கணக்கு நேராக இருக்கிறது! இவர்களுட் பெரும்பாலார் தமிழர். மாண்டோர் தொகை இதனினும் மிகுதி என்பதே ஆராய்ந்தோர் பலரின் கருத்து. ‘ஓடிப்போனோர்’ என்ற அந்த மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். காட்டுக்குள் ஓடி எங்கோ விழுந்தவன், சயாமியர் கிராமத்தில் ஒதுங்கியவன், முகாமில் மாண்டும் எழுதப்படாதவன், எல்லாரும் அதற்குள் அடக்கம். அக்கட்டத்திலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மலாயாவில் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டுக்குப் புருஷன் இறந்த செய்தியும் வரவில்லை, புருஷனும் வரவில்லை.

சார்த்தரின் சொல்லுக்கு இப்போது திரும்புவோம். பூட்டிய சரக்குப் பெட்டிக்குள் இருப்பவனை நோக்கி நீ சுதந்தரன் என்பது பொருத்தமாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. சிலருக்கு ஒரு பிளவு வழி திறந்திருந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், தோட்டத்து இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். தேசபக்தியோடு, சயாமிலிருந்து தப்பும் எண்ணமும் அதில் கலந்திருந்தது என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் எழுதினர். கலந்திருந்தால் குற்றமில்லை. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள், தேர்வு என்பது தமக்கும் உண்டென்று அறிந்தவர்களே. ஆனால் கணக்குக்கு ஆள் பிடிக்கப்பட்டுப் போனவர்க்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. சுதந்தரத்தைப் பற்றிய பேச்சு, சுதந்தரம் பறித்தவனைப் பற்றிய பேச்சை மறைக்குமாயின் அதுவும் ஒருவகைத் தலையெழுத்துப் பேச்சே.

தேர்வின் முழுச் சுமையும் விழுந்தது வீட்டில் நின்ற பெண்ணின் தலையில்.

அவள் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லயம் வேலை செய்வோர்க்கே உரியது. பெரட்டுக்குப் போகாத வீட்டுக்கு அறை இல்லை. ஆகவே அவள் கத்தியும் வாளியும் ஏந்தித் தன் வெட்டுக்குப் போகவேண்டும். ஆண்கூலியினும் குறைந்த கூலிக்குப் போகவேண்டும். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடவேண்டும். இவை கடினமே, ஆயினும் செய்வது இன்னதென்று தெரிந்த கடினம். தெரியாத கடினங்கள் வேறு. காலையில் முகம் கழுவியபின் பொட்டு வைப்பதா, வேண்டாமா? வைத்தால், “புருஷன் போயி இத்தனை வருஷமாச்சு, இவளுக்கு என்ன மினுக்கு” என்னும் லயம். அழித்தால், உயிரோடிருப்பவனை இவளே கொன்றாள் என்னும் மாமியார் வீடு. தீபாவளிக்கு முன்னாள் மூத்தோர்க்குப் படைக்கும்போது அவனுக்கும் ஓர் இலை போடுவதா? போட்டால் அவன் செத்தவன். போடாவிட்டால், ஒருவேளை செத்திருந்தால், பசியோடு நிற்பவன். வேறொருவன் துணைக்கு வருகிறேன் என்கிறான். பிள்ளைகளுக்கு ஒரு கை தேவை. நாளை இவன் வந்து வாசலில் நின்றால்?

கைம்பெண்ணுக்கு நம் சமூகம் இழைத்த கொடுமை போதாதென்று, கைம்பெண் என்னும் பெயரும் கிடைக்காத கொடுமை இது. கைம்பெண் மறுமணத்துக்காகச் சீர்திருத்தக்காரர் மேடையேறிப் பேசிய காலம் அது. கைம்பெண்ணா அல்லளா என்று அறியாதவளுக்கு எந்த மேடையிலும் தீர்மானம் நிறைவேறவில்லை. சாத்திரக்காரர், காணாமற்போனவனுக்குப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து தருப்பைப் புல்லால் உருவம் செய்து எரிக்கலாம் என்று விதி வைத்திருந்தனர். சர்க்கார், 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில், ஏழு ஆண்டு செய்தியில்லாதவன் உயிரோடிருக்கிறான் என்பவரே அதை மெய்ப்பிக்கவேண்டும் என்று எழுதினர். பன்னிரண்டும் ஏழும் புத்தகத்துக்குப் போதும். மனம் ஆண்டுக்கணக்குப் பார்ப்பதில்லை.

அதே மூன்றாண்டுகளில், உலகின் மற்றொரு மூலையில் ஒரு மருத்துவர் இதே இருளில் நின்றார். வியன்னா நகரத்து யூதராகிய விக்டர் பிராங்கல் 1942 செப்டம்பரில் மனைவியோடும் பெற்றோரோடும் ஜெர்மானியர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் முகாமில் மனைவியிடமிருந்து பிரிக்கப்பட்டார். விறைக்கும் குளிரில் வேலைக்கு நடந்த விடியற்காலைகளில் மனத்துள் மனைவியோடு பேசிக்கொண்டு நடந்ததாகப் பின்னர் எழுதினார். அவள் உயிரோடிருக்கிறாளா என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமையும் அப்பேச்சைத் தடுக்கவில்லை என்கிறார். 1945இல் வியன்னா திரும்பியபின்னரே அவள் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டது தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூல் உலகம் சுற்றியது. எதையும் மாற்ற முடியாத நிலையிலும், அதனை எதிர்கொள்ளும் விதத்தைத் தேரும் உரிமை மனிதனிடம் எஞ்சுகிறது. பொருள் உண்டாயின் மனிதன் எதையும் தாங்குவான் என்பது அவர் மருத்துவத்தின் அடிப்படை.

பிராங்கலை நாம் மதிக்கின்றோம். முகாமில் இருந்து பேசியவர் அவர். ஆனால் அவர் பெயரைச் சொல்லி, துன்பத்தில் பொருள் காண்பாயாக என்று வெளியிலிருந்து உபதேசிப்பாரை நாம் மதிப்பதற்கில்லை. பொருளைத் துன்புற்றவர் தாமே காணலாம். அடுத்தவர் அதனைக் கட்டளையாகக் கொடுப்பது, வயிறு காய்ந்தவனுக்குப் பத்தியம் கூறுவதை ஒக்கும்.

இத்தத்துவம் தனி மனிதனையே நோக்கிற்று என்பது அதன் குறை. தேர்பவன் ஒருவன், தனித்தவன் ஒருவன், சாகின்றவன் ஒருவன். நம் லயத்தில் ஒருவர் என்று யார் இருக்கிறார்? பாட்டியின் பொட்டு அவள் நெற்றியில் இருந்தாலும், அது மாமியாருடையது, கொழுந்தனுடையது, மகளுக்கு வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாருடையது. ஆகவேதான் குடும்ப உளமருத்துவம் என்னும் துறை நமக்கு வேண்டற்பாலதாகிறது. நோய் ஒருவரிடம் தெரிந்தாலும், அது உறவுகளுக்கிடையே இருக்கிறது. மருந்தும் அங்கேயே இருக்கிறது என்பது இத்துறையின் கொள்கை. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுகளில் அக்கர்மன், போவன் முதலியோர் இதனைத் தொடங்கினர் என்பர். அதே பத்தாண்டில் நம் நாட்டிலும் இது நடந்தது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியின் உறவினரைக் கூடாரம் அடித்து உடன் தங்கச் செய்தார். வேலூரில் 1957இல் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், குடும்பத்தார் உடன்தங்குவதையே வழக்கமாக்கிற்று. மேனாட்டார் கோட்பாட்டால் அடைந்ததை இவர்கள் நம் மக்களின் பழக்கத்திலிருந்தே கண்டுகொண்டனர்.

நம் பாட்டியின் நோய்க்குச் சரியான பெயர் வைத்தவர் பாலின் பாஸ் என்னும் அமெரிக்க அம்மையார். 1970ஆம் ஆண்டுகளில், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். இதனைத் ‘தெளிவற்ற இழப்பு’ என்றார். 1999இல் அப்பெயராலேயே நூலும் எழுதினார். உடல் இல்லை, நினைவு இருக்கிறது. அல்லது உடல் இருக்கிறது, நினைவு இல்லை. முன்னதற்குக் காணாமற்போனவரும், பின்னதற்கு மறதிநோய் கொண்ட முதியோரும் எடுத்துக்காட்டு. சாவுக்குச் சடங்கு உண்டு, அழுது முடிக்க நாள் உண்டு, ஊர் கூடும். தெளிவற்ற இழப்புக்குச் சடங்கில்லை, ஊரும் கூடாது. துயரம் உறைந்து நிற்கிறது. குடும்பத்தில் எவர் உள்ளார், எவர் இலர் என்னும் எல்லையே கலங்குகிறது. தகப்பன் இடத்தை எவரும் எடுப்பதில்லை, அல்லது பன்னிரண்டு வயது மூத்த மகன் எடுத்துவிடுகிறான். தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு இதை விளக்கவேண்டுவதில்லை. பள்ளியை விட்டுப் பால்வாளி தூக்கிய மூத்த மகன்களை நாம் அறிவோம்.

அம்மையார் கூறும் மருந்து புதுமையானது. முடிவு கண்டுவிட வேண்டும் என்று குடும்பத்தை நெருக்கலாகாது என்கிறார். செத்தார் என ஒப்புக்கொள் என்று சொல்வதும் தவறு, வருவார் எனக் காத்திரு என்று சொல்வதும் தவறு. ‘அவர் போயிருக்கலாம், இருக்கவும் இருக்கலாம்’ என்னும் இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழகுவதே வழி என்கிறார். இது கோழைத்தனமன்று; அறியாமையை அறியாமையாகவே ஏற்கும் நேர்மை. இருத்தலியத்தார் மரணத்தின் முன் மனிதனை நிற்கச் சொன்னார்கள். இவ்வம்மையார், மரணமா என்று தெரியாததன் முன் ஒரு குடும்பத்தையே நிற்கக் கற்பிக்கிறார். நியூயார்க்கில் 2001இல் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது, காணாமற்போன தொழிலாளரின் குடும்பங்களைத் தொழிற்சங்கக் கட்டடத்திலேயே கூட்டி உட்காரவைத்து இதனைச் செய்தார். ஒவ்வொருவரையும் தனியே மருத்துவர் அறைக்கு அழைக்கவில்லை. தோட்டச் சங்கம் கண்ட நம் வாசகர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனின், பொட்டை அழிக்காமலும் மறுபுறம் பால்வெட்டுக்குப் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கியும் காலந்தள்ளிய நம் பெண்கள், இந்த இரட்டை நினைப்பைப் பெயர் தெரியாமலே பழகியவரல்லரோ? ஆம் என்று சொல்ல நா துடிக்கிறது. ஆயினும் முழுதும் அவ்வாறு கூறுவது முகத்துதியாகும். பாஸ் அம்மையாரின் மருந்தில் ஒரு பாதியைத்தான் அவர்கள் செய்தனர். தாங்கினர், பேசவில்லை. பேசவிடவும் இல்லை. கேட்ட பிள்ளைக்கு “போனவருப்பா” என்னும் ஒற்றைச் சொல்லோடு கதவு அடைந்தது.

பேசாதது மறைவதில்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த பொசொர்மெனி-நாஜ் என்னும் மருத்துவர், தலைமுறைகளுக்கிடையே பற்றும் வரவும் எழுதிய கண்ணுக்குத் தெரியாத கணக்குப் புத்தகம் ஒன்று ஓடுகிறது என்று 1973இல் எழுதினார். தாத்தாவுக்குச் செலுத்தாத கடனைப் பேரன் எங்கோ செலுத்துவான். எவரிடம் பட்ட கடன் என்றே அறியாமல் செலுத்துவான். இளைய மகன் வெளியூர் வேலைக்குப் புறப்பட்டால் காரணமின்றிக் காய்ச்சலில் விழும் தாய்; சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பாதவனை நோக்கி எழும் அளவிறந்த கோபம்; ‘சும்மா வருகிறேன்’ என்று எவர் அழைத்தாலும் எழும் ஐயம். இவற்றை எல்லாம் சயாமின் மேல் ஏற்றுவது மிகை என்பாருமுண்டு. கள்ளுக்கும் கடனுக்கும் கூலிக்குறைவுக்கும் இவற்றில் பங்குண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்கின்றோம்.

இம்மருத்துவர்கள் குடும்பத்தைக் கோட்டுப்படமாக வரைந்துகொள்வது வழக்கம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மாண்டவர் குறியின்மேல் குறுக்கே இரு கோடு. வட சிலாங்கூர்க் குடும்பம் ஒன்று அவர்முன் அமர்ந்து வரையத் தொடங்கினால், மூன்றாம் தலைமுறையில் ஒரு சதுரத்தில் எழுதுகோல் நிற்கும். கோடு போடுவதா? அந்தச் சதுரத்தைச் சுற்றி உட்கார்ந்து, போடலாம் என்று ஒருவரும் வேண்டாம் என்று மற்றொருவரும் வாதிட்டால், அதுவே அக்குடும்பம் தாத்தாவைப் பற்றிப் பேசும் முதல் நாளாக இருக்கும்.

இத்தகைய வீடுகள் நமக்கு மட்டும் உரியவையல்ல. ஈழத்தில் யுத்தம் 2009இல் முடிந்தபின் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இதே நிலையில் நின்றன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20இல் கிளிநொச்சியில் சாலையோரம் அமர்ந்தனர். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள் என்று சர்க்கார் சொன்னால் அது தன் கையாலேயே பிள்ளையைக் கொல்வது என்றெண்ணி மறுத்தோர் பலர். 2016இல் அந்நாட்டுச் சட்டம், இறந்தார் என்று கூறாமல் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடந்தந்தது. மனத்தின் இரட்டை நிலையைக் காகிதம் ஒன்று ஏற்றுக்கொண்டதென்பதால் நாம் இதனைக் குறிக்கின்றோம். நீதி கிடைத்துவிட்டது என்பதற்காக அன்று. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தத்தின் காயம் தனி மனத்திலன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் பட்ட காயம் என்றும், மருத்துவமும் அவ்வளவில் நடைபெற வேண்டுமென்றும் பல ஆண்டுகளாக எழுதி வந்தவர். நம் மலாயா அனுபவத்தை 1945இல் எவரேனும் அவ்வாறு எழுதியிருந்தால் அவர்க்கும் அது உதவியிருக்கும்.

எழுத நமக்கு ஐம்பது ஆண்டு பிடித்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல் வந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது. வெள்ளைத்துரையின் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்த மலாயா அதற்கு வெகு முன்பே நூலாகிவிட்டது. கோல சிலாங்கூர்ப் பகுதியில், நம் மொழியிலேயே பெயரிட்ட தென்னமரம் தோட்டத்தில், 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஆன்றி போக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் தம் நாட்டின் கோன்கூர்ப் பரிசு பெற்றார். லயத்திலிருந்து பார்த்தவர்க்கு எழுதுகோலும் பொழுதும் பின்னரே வாய்த்தன.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குரிய கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாய்க் கிடக்கின்றனர். புல் வெட்டப்பட்டிருக்கிறது, கல்லிற் பெயரும் வயதும் இருக்கின்றன. பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கலாம். அதே காஞ்சனபுரியில் 1990இல் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் குவியலாய் வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றனர். 2023இல் அந்நகரின் வாட் தாவோர்ன் விகாரையில் மலாயாத் தமிழர்க்கு நடுகல் எழுந்தது. தொலைவில் மாண்டானுக்குக் கல் நட்டுப் பெயரும் செயலும் பொறிப்பது தொல்காப்பியர் காலத்திலேயே நம்மவர் அறிந்த வழக்கம். உடல் கிடைக்காதவனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை நம் முன்னோர் எந்த மருத்துவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

கல்லுக்குப் பெயர் வேண்டும். போனவர்களின் முழுப் பெயர்ப்பட்டியல் சர்க்காரிடம் இல்லை. ஜப்பானியர் எண்ணை எழுதினர், பெயரை எழுதவில்லை. பழைய லயங்கள் பல இடிந்து, குடும்பங்கள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டன. 1943இல் பெரட்டுக் களத்தில் தகப்பன் கையைப் பிடித்து நின்ற ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், கங்காணி யார், லாரி எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்டால் சொல்லக்கூடிய சிலர் இன்னும் சுங்கை ஆயர் தாவாரிலோ சபாக்கிலோ, மகன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கக் கூடும்.